இடது ஷூவுக்குள் கறுப்பு டப்பா

1.

முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். இந்தக் கதை எனக்கு எந்த ஞானதிருஷ்டியிலும் கிடைக்கவில்லை. உள்ளங்கையளவு கறுப்பு டப்பா ஒன்றிலிருந்து கிடைத்தது. டப்பா என்றால் கம்ப்யூட்டரில் செருகிப் பிரதி எடுத்து வைக்கிற ஹார்டு டிஸ்க். எங்கள் கடையில் அதற்கு டப்பா என்றுதான் பெயர்.

'எங்கள் கடை' என்று எழுதிவிட்டேன். திருத்துகிறேன். கடை அக்காவுடையது. நான் அதன் பின்னறையில் காலை பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை உட்கார்ந்து கதை எழுதுகிறவன். நாற்பத்து மூன்று வயதில் அக்கா வீட்டில் சாப்பிட்டு, அக்கா கடை மின்விசிறியின் கீழ் எழுதுகிற ஒருவனைப் பற்றி நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று உங்களுக்கே தெரியும். அந்த நாலு பேரும் சொல்வது சரி.

இதற்கு இதுவரை இரண்டு தொடக்கம் எழுதிப் பார்த்தேன்.

"அன்று காலை வானம் கழுவி விட்டது போல் இருந்தது. வரப்போவது யாருக்கும் —"

(அன்று நான் வானத்தைப் பார்க்கவே இல்லை. பொய் வானம் எதற்கு? விட்டுவிட்டேன்.)

"டேப்பு ஒரு மறதிக்காரி. அந்த ஒரு மறதியால் பதினோரு வருட உழைப்பு —"

(இந்த வரியை அடிக்காமல் விடுகிறேன். உங்கள் கண்ணில் படும்படி இங்கேயே கிடக்கட்டும். இதற்கு நான் பிறகு பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.)

2.

அக்கா செய்வது ஷூ. ஆனால் கடையில் ஷூ வாங்க முடியாதவர்களுக்கு. ஒரு கால் குட்டையானவர்கள், பாதம் வளைந்தவர்கள், விரல் எடுத்தவர்கள், சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சியே போனவர்கள். கடைசியாகச் சொன்னவர்களுக்குத் தப்பான ஷூ கடித்தாலும் தெரியாது. தெரியும்போது புண்ணாகியிருக்கும்.

கடை இரண்டு அறை. முன்னறையில் கண்ணாடிக் கதவு, கவுண்டர், ஏறி நின்றால் பாதத்தைப் படமெடுக்கிற பலகை, ஒரு கம்ப்யூட்டர். பின்னறையில் தோல் வெட்டுகிற மேஜை, தையல் மெஷின், பசை வாடை, மூலையில் இன்னொரு கம்ப்யூட்டர். இரண்டையும் ஒரு வயர் இணைக்கிறது. முன்னே அளந்தது பின்னே போய்ச் சேரும்.

அளப்பவள் டேப்பு. கழுத்தில் எந்நேரமும் அளவு நாடா தொங்குவதால் அக்கா வைத்த பெயர். அவளுடைய இரண்டு பிள்ளைகளின் பள்ளிக்கூட விழாவுக்கும் அதே நாடாவோடு போய் உட்கார்ந்தவள். அக்காவை அக்கா என்பாள், என்னை அண்ணே என்பாள், வாடிக்கையாளர்களை அவரவர் வயதுக்கு ஏற்ற முறை வைத்துக் கூப்பிடுவாள். ஒன்பது வருடமாக.

பின்னறைக் கம்ப்யூட்டரில் அறுநூற்றுப் பன்னிரண்டு பேருடைய கால்கள் இருந்தன. அக்கா கோப்புகளுக்கு ஆள் பெயர் போடுவதில்லை. காலைப் பார்த்ததும் என்ன தோன்றுகிறதோ அதுதான் பெயர்: வாத்து, மாடிப்படி, சண்டைக்காரி, சப்பட்டை. படத்தை யாரும் ஐந்து நிமிடத்தில் மறுபடி எடுத்துக்கொள்ளலாம். படத்துக்குக் கீழே டேப்பு தட்டி வைத்த குறிப்புகள்தான் சொத்து. எங்கே ஒரு மில்லிமீட்டர் குழித்தபோது புண் ஆறியது, எங்கே அதே ஒரு மில்லி புதுப் புண்ணைக் கொண்டுவந்தது என்று வருடக்கணக்கில் போட்டுப் பார்த்து, கழற்றிப் பார்த்து, கண்டுபிடித்தவை. பாதத்தைப் படமெடுக்கலாம். அத்தனை வருடத்தை எப்படிப் படமெடுப்பது?

மாலை ஐந்து மணிக்கு டேப்பு டப்பாவைச் செருகுவாள். அன்றைய வேலை பிரதியாகும். உடனே கழற்றி, அலமாரியில் மாதிரிக்கு வைத்திருக்கும் ஒற்றை இடது ஷூவுக்குள் போடுவாள்.* கம்ப்யூட்டருக்கு மேலே சுவரில் அக்கா கையால் எழுதி ஒட்டிய ஒரே சொல்: கழற்று.

* ஒத்தை ஷூவை எந்தத் திருடனும் எடுக்க மாட்டான் என்பது அக்காவின் கணக்கு. சிரிக்காதீர்கள். அந்தக் கணக்கு சரியாகத்தான் இருந்தது. திருடன் கதவு வழியாக வருவான் என்று நினைத்தது மட்டும்தான் பிசகு.

3.

புதன்கிழமை. நான் டீ குடிக்கப் போயிருந்தேன். பதினொரு மணிக்குத் திரும்பி வந்தபோது முன்னறையில் யாரும் இல்லை. பின்னறையில் அக்காவும் டேப்புவும் பேயறைந்தது போல் நின்றுகொண்டிருந்தார்கள். தையல் மெஷினின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஊசியின் கீழே பாதி தைத்த தோல்.

"என்னக்கா?"

அக்கா திரையைக் காட்டினாள்.

வாத்து இல்லை. மாடிப்படி இல்லை. அறுநூற்றுப் பன்னிரண்டு பெயர்களும் இருந்த இடத்தில் எழுத்தும் எண்ணும் கலந்து வாந்தி எடுத்தது போல ஏதோ இருந்தது. நடுவில் ஒரு கடிதம். உங்கள் கோப்புகளைப் பூட்டியிருக்கிறோம், சாவி எங்களிடம் இருக்கிறது, இத்தனை நாளுக்குள் இவ்வளவு அனுப்பினால் திறப்போம், அனுப்பாவிட்டால் சாவியை அழிப்போம். (எழுத்தாளனாக ஒன்று சொல்லியாக வேண்டும்: அந்தக் கடிதத்தில் ஒரு சொல் கூட மிகையில்லை. முப்பது வருடமாக எனக்கு வராத சிக்கனம்.)

"சாதா மெயில்தான் அண்ணே," என்றாள் டேப்பு. உதடு காய்ந்திருந்தது. "நம்ம டாக்டர் கிளினிக்ல இருந்து. தினமும் வருமே, புதுப் பேஷண்ட் ஸ்கேன்னு. தொறந்தேன். மேல மஞ்சளா ஒரு பட்டை வந்துச்சு, அனுமதின்னு அழுத்தச் சொன்னுச்சு. அழுத்தினேன். அவ்வளவுதான் அண்ணே. அவ்வளவுதான் செஞ்சேன்."

"பரவால்லடி," என்றாள் அக்கா. அவள் குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "டப்பா இருக்குல்ல. நேத்து சாயங்காலம் வரைக்கும் அதுல இருக்கும்."

அக்கா அலமாரிக்குப் போய் இடது ஷூவுக்குள் கையை விட்டாள். விட்ட கை அப்படியே நின்றது. பிறகு ஷூவைக் கவிழ்த்து உதறினாள், ஏதோ கல் சிக்கியிருப்பது போல. ஒன்றும் விழவில்லை.

டப்பா கம்ப்யூட்டரின் பின்பக்கம் செருகியிருந்தது. அதன் சின்ன நீல விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது. முன்னறையில் புகுந்தது வயர் வழியாகப் பின்னறைக்கு வந்து, பின்னறையிலிருந்து டப்பாவுக்குள்ளும் போய், அங்கேயும் அறுநூற்றுப் பன்னிரண்டு கால்களையும் பூட்டிவிட்டிருந்தது.



4.

மறுநாள் கம்ப்யூட்டர்காரர் வந்தார். அக்காவின் வாடிக்கையாளர்தான், கோப்பில் 'சப்பட்டை'. அரை மணி நேரம் தட்டிப் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சாவி இல்லாம தொறக்க வழியில்லம்மா. கேட்டதைக் குடுத்தாலும் தொறப்பாங்கன்னு நிச்சயம் கெடையாது. குடுக்காதீங்கன்னுதான் சொல்வேன்."

"டப்பா?"

"அது வெளிய இருந்திருந்தா ஒரு நாள் வேலைதான் போயிருக்கும். சாயங்காலத்துக்குள்ள எல்லாத்தையும் திருப்பி ஏத்தியிருப்பேன்." குனிந்து தன் ஷூவைப் பார்த்தார். "என் காலும் போச்சு, இல்ல?"

அன்று மதியமே கிளினிக்கிலிருந்து போன். அவர்களுடைய மெயிலுக்குள்ளேயே யாரோ புகுந்து, அவர்கள் பெயரிலேயே எல்லாருக்கும் அனுப்பியிருக்கிறார்களாம். மன்னிப்புக் கேட்டார்கள். வந்த முகவரி நிஜ முகவரி. தினமும் திறக்கிற கடிதத்தைத்தான் டேப்பு திறந்திருக்கிறாள்.

"மெயிலைத் தொறந்தது தப்பில்லடி," என்றாள் அக்கா. வெள்ளிக்கிழமை, கடை திறந்ததும். "நான் அங்க உக்காந்திருந்தாலும் தொறந்திருப்பேன். ஆனா இதக் கழட்டாம போயிருக்கியே. சுவத்துல எழுதிப் போட்டிருக்கேன். ஒரு சொல்லு. ஒரே ஒரு சொல்லு!"

"கழட்டினேங்க்கா."

"பின்ன அதுவா நடந்து போய்ச் செருகிக்கிச்சா?"

"எனக்குத் தெரியலக்கா. கழட்டினேன். சத்தியமா கழட்டினேன்."

அக்கா என் பக்கம் திரும்பினாள். "தம்பி, காலையில நீதானே அங்க உக்காந்திருந்த? நீ வரும்போதே செருகியிருந்துதா?"

"நான் கவனிக்கலக்கா."

டேப்பு கழுத்திலிருந்து நாடாவை எடுத்துக் கவுண்டரின் ஆணியில் மாட்டினாள். கண்ணாடிக் கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு போனாள். அவள் கழுத்தில் நாடா இல்லாமல் நான் பார்த்தது அதுவே முதல் தடவை.

5.

இங்கே கதை நின்றுவிட்டது. மூன்று நாள் நகரவில்லை.

கதாபாத்திரம் ஒத்துழைக்கவில்லை என்று எழுத்தாளர்கள் பேட்டிகளில் சொல்வதைக் கேட்டுப் பல தடவை சிரித்திருக்கிறேன். இப்போது எனக்கே நடந்தது. டேப்புவை மறதிக்காரியாக்க என்னென்னவோ செய்து பார்த்தேன். செவ்வாய் மாலை அவளுக்கு வீட்டிலிருந்து போன் வந்ததாக எழுதினேன். மழை வந்ததாக எழுதினேன். "பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் அவள் —" என்று ஆரம்பித்தேன். ஒவ்வொரு தடவையும் அவள் திரும்பி வந்து, டப்பாவைக் கழற்றி, இடது ஷூவுக்குள் வைத்துவிட்டுப் போனாள். அரை மில்லி வித்தியாசத்தைக் கண்ணால் சொல்கிற பெண் எப்படி மறப்பாள்? யார் நம்புவார்? வாசகர் நம்ப மாட்டார். நானே நம்பவில்லை.

நான் நம்பாததற்கு வேறு காரணமும் இருக்கிறது.

(இந்த இடத்தில் மூன்று பத்தி எழுதி அழித்தேன். மூன்றும் டீக்கடையைப் பற்றி.)

டப்பாவைச் செருகியவன் நான்.

எழுதிவிட்டேன். இனி அடித்தாலும் நீங்கள் படித்தது படித்ததுதான்.

புதன்கிழமை காலை பத்தேகாலுக்கு இடது ஷூவுக்குள் கையை விட்டு எடுத்துச் செருகினேன். புதன்கிழமை மட்டுமில்லை, ஒரு வருடமாகத் தினமும். என் கதைகளின் பிரதி அதில்தான் இருக்கிறது. கம்ப்யூட்டர் போனாலும் என் எழுத்து போகக்கூடாது பாருங்கள். கடையிலேயே பத்திரமான பொருள் எதுவென்று பார்த்தேன், அதற்குள் குடியேறினேன். மற்ற நாட்களில் எழுதி முடித்ததும் கழற்றி ஷூவுக்குள் போட்டுவிடுவேன். அக்கா தையல் மெஷினில் குனிந்திருப்பாள், டேப்பு முன்னறையில் இருப்பாள்; இருவருக்கும் தெரியாது. அன்று ஒரு வாக்கியம் நன்றாக வந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் அப்படியே எழுந்து டீ குடிக்கப் போனேன். ஒரு வாக்கியத்துக்காக!

பத்தரைக்கு நான் கிளம்பினேன். பத்து நாற்பதுக்கு டேப்பு அந்த மெயிலைத் திறந்தாள்.

"நான் கவனிக்கலக்கா." இரண்டே சொல். நான் எழுதியதிலேயே யாரும் சந்தேகப்படாத புனைவு அதுதான்.

6.

அடுத்த செவ்வாய்க்கிழமை பஸ் டிரைவர் வந்தார். கோப்பில் 'பிரேக்'. ஐம்பத்தெட்டு வயது, வலது பாதத்தில் உணர்ச்சி கிடையாது, ஒரு விரல் ஏற்கெனவே போய்விட்டது. பெரிய உருவம், பலகையில் ஏறும்போது மட்டும் குழந்தை மாதிரி சுவரைப் பிடித்துக்கொள்வார்.

சாக்ஸைக் கழற்றினார். பெருவிரல் முட்டிக்குக் கீழே, ரூபாய் நாணயம் அளவுக்குச் சிவந்திருந்தது.

"வலிக்குதா?" என்று கேட்டுவிட்டேன். மடத்தனம்.

"வலிச்சா தேவலையே தம்பி. வலிக்காது, அதான் பயம்." அக்காவைப் பார்த்தார். "டாக்டர் ரெண்டு வாரம்னு சொல்லிட்டாரும்மா. இது தொறந்துக்கிட்டா அடுத்த விரலும் போயிரும், அதோட நிக்காதுன்னாரு. புது ஷூ போட்டா நின்னுரும்னாரு. பழைய மாதிரியே செஞ்சிருங்க. அது போட்டு ஆறு வருஷத்துல ஒரு புண்ணு கெடையாது."

பழைய ஷூவைக் கையில் கொடுத்தார். உள்ளே மெத்தை தேய்ந்து பாய் போலாகிவிட்டிருந்தது. குழி எங்கே இருந்தது, எவ்வளவு இருந்தது, மேடு எது, ஒன்றும் தெரியவில்லை. அக்கா விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். கண் தெரியாதவர்கள் முகத்தைத் தடவிப் பார்ப்பது போல.

"அளவு எல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்குமே," என்றார் டிரைவர்.

அக்கா ஷூவைக் கவுண்டரில் வைத்தாள். "அந்தப் பொண்ணு எங்கம்மா? அது வந்தா சொல்லும்," என்றார்.

அவர் போன பிறகு நான்தான் கேட்டேன். "டேப்புக்குப் போன் பண்ணிக் கேக்கலாமேக்கா?"

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கேக்கச் சொல்ற? போடின்னு சொல்லாத குறையா அனுப்பிட்டு, அந்த அளவு மட்டும் சொல்லுடின்னா?" தோல் கத்தியை மேஜையில் வைத்தாள். "அறுநூறு காலு. அவ என்ன மனப்பாடமா பண்ணி வச்சிருக்கா?"

7.

அன்று மதியம் என் மெயிலைத் திறந்தேன். என் கதை பிழைத்திருக்கிறதா என்று பார்க்க. உண்மையைச் சொல்வதென்று ஆரம்பித்தாயிற்று, இதையும் சொல்லிவிடுகிறேன்: டிரைவருடைய பாதத்தைப் பார்த்த அதே நாளில் நான் என் கதையைத்தான் தேடினேன்.

பிழைத்திருந்தது. எழுதி முடித்ததும் எனக்கு நானே மெயில் அனுப்பி வைக்கிற பழக்கம் எனக்கு உண்டு. கம்ப்யூட்டரில் ஒன்று, டப்பாவில் ஒன்று, மெயிலில் ஒன்று. என் கதைக்கு மூன்று பிரதி. அக்காவின் பதினோரு வருடத்துக்கு, என் புண்ணியத்தில், ஒன்றும் இல்லை. அப்பாடா என்று ஒரு கணம் நாற்காலியில் சாய்ந்தேன். அடுத்த கணம் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

திறந்து படித்தேன். புதன்கிழமை, பத்து இருபத்தெட்டுக்கு அனுப்பியது. மேலே என் வழக்கமான நாட்குறிப்பு வரி: "பத்தேகாலுக்கு டப்பாவைச் செருகி உட்கார்ந்தேன். இன்று வரும் என்று தோன்றுகிறது." கள்ளன் தன் கையாலேயே எழுதிக் கொடுத்த வாக்குமூலம்.

அதற்குக் கீழே கதை. கால் மரத்துப்போன ஒரு பஸ் டிரைவரைப் பற்றிய கதை. ஆம், நம் டிரைவர்தான். 'பிரேக்' கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, அதிலிருந்து நேராகத் திருடி எழுதியிருந்தேன். உயிர்ப்பான தகவல் இருந்தால் கதை நிற்கும் அல்லவா. நான் டீ குடிக்கப் போகக் காரணமான அந்த வாக்கியம் இதோ:

"பெருவிரல் முட்டியின் கீழே மூன்று மில்லி பள்ளம், குதிகாலின் உள்விளிம்பில் நான்கு மில்லி மேடு, சுண்டுவிரலை ஒட்டி ஓடும் மெல்லிய தையல்: ஒரு மனிதனை நிற்க வைக்க இவ்வளவுதான் தேவைப்பட்டது."

படித்ததும் குதித்து எழுந்தேன். உலகத்திலேயே அந்தப் பாதத்தின் குறிப்பு மிச்சமிருக்கிற ஒரே இடம் என் கதை!

உட்கார்ந்துவிட்டேன்.

ஏனென்றால், நினைவு வந்தது. கோப்பில் மூன்று இல்லை. வேறு ஏதோ எண். 'மூன்று மில்லி பள்ளம், நான்கு மில்லி மேடு' என்று வரிசையாக வந்தால் காதுக்கு நன்றாக இருக்கும் என்று நான் மாற்றினேன். எதிலிருந்து மாற்றினேன்? இரண்டா? மூன்றரையா? நான்கு நிஜமா, அதுவும் என் கைங்கரியமா? தையல்? 'தையல்' என்ற சொல் எனக்குப் பிடிக்கும். பிடிக்கும் என்பதால் போட்டேனா, இருந்தது என்பதால் போட்டேனா?

தெரியவில்லை. தலையைச் சுவரில் முட்டிக்கொண்டாலும் தெரியவில்லை. நான் எழுதியது எது, திருடியது எது என்று எனக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அரை மில்லி என்ன பெரிய விஷயம் என்று முன்பொரு தடவை அக்காவிடம் கேட்டிருக்கிறேன். "உனக்கு ஒண்ணுமில்ல," என்றாள். "அவருக்கு அது ஒரு விரல்."

8.

சில முடிவுகளை எழுதிப் பார்த்தேன். உங்களுக்குப் பிடித்தது இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது: எண்களை மட்டும் ஒரு சீட்டில் எழுதி, பழைய நோட்டில் அகப்பட்டதாகச் சொல்லி அக்காவிடம் கொடுக்கிறேன். அக்கா என் தலையைத் தடவி, நீயாவது இருக்கியே என்கிறாள். ஷூ தயாராகிறது. டிரைவர் அதைப் போட்டுக்கொண்டு நடந்து —

(நடந்து எங்கே போகிறார்? மூன்று மில்லியோடு. வலிக்காது அவருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போகிற வரை வலிக்கவே வலிக்காது.)

இன்னொன்று: கம்ப்யூட்டர்காரர் எங்கிருந்தோ சாவியைக் கண்டுபிடிக்கிறார். அறுநூற்றுப் பன்னிரண்டு கால்களும் திரும்பி வருகின்றன. டேப்பு உள்ளே ஓடி வருகிறாள், எல்லாரும் —

(அவரிடமே கேட்டேன். "அதெல்லாம் படத்துல வரும் சார்," என்றார். "இனிமேலாவது ரெண்டு டப்பா வாங்கி, ஒண்ணை வீட்ல வைக்கச் சொல்லுங்க. மாசத்துக்கு ஒரு தடவை அது தொறக்குதான்னு தொறந்தும் பாக்கச் சொல்லுங்க. பழக்கமான ஆளு அனுப்பினதே ஆனாலும், புதுசா ஒரு பட்டனை அழுத்தச் சொன்னா முதல்ல போனைப் போட்டுக் கேக்கச் சொல்லுங்க." எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். 'உங்க வீட்ல கதை எழுதற ஆளு இருந்தா அவரை அண்ட விடாதீங்க' என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாது.)

கடைசியாக ஒன்று: நான் எதுவும் செய்யவில்லை. இந்தக் கதையை ஒரு பத்திரிகைக்கு அனுப்புகிறேன். மனசாட்சியை அலசும் அபூர்வமான படைப்பு என்று நாலு பேர் பாராட்டுகிறார்கள்.

(இது நடந்திருக்கக்கூடியது. மூன்றிலும் என்னை அதிகம் பயமுறுத்தியது இதுதான்.)

9.

வெள்ளிக்கிழமை காலை இதைப் பிரிண்ட் எடுத்தேன். முதல் வரியிலிருந்து இந்த வரி வரை, மறதிக்காரி என்ற வரி உள்பட, எதையும் அடிக்காமல். இரண்டு பிரதி.

ஒன்றை அக்காவின் தோல் வெட்டும் மேஜையில், கத்திக்கு அடியில் வைக்கப் போகிறேன். இன்னொன்றை டேப்புவின் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகப் போகிறேன். அந்த எண்களில் எது பொய் என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் அவள். அதைச் சொல்ல வேண்டிய எந்தக் கடமையும் அவளுக்கு இல்லை.

(அவர்கள் படித்தது இதுவரைதான். இனி வருவது உங்களுக்கு மட்டும்.)

10.

கதவைத் திறந்தது டேப்புதான். உள்ளே வா என்று சொல்லவில்லை.

"என்னண்ணே இது?"

"கதை."

"எனக்கெதுக்கு அண்ணே கதை?"

"ஏழாவதுல டிரைவரோட அளவு இருக்கு. தப்பா எழுதியிருக்கேன். எது தப்புன்னு எனக்குத் தெரியல." காகிதங்களை அவள் பக்கம் நீட்டினேன். "அஞ்சாவதையும் படி."

அவள் காகிதங்களை வாங்கி, நின்றபடியே புரட்டினாள். ஐந்தாவதில் நிறுத்தினாள். படிக்கிறாள் என்பது கண் நகர்வதில் தெரிந்தது. ஒரு கட்டத்தில் கண் நகரவில்லை. என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். அவள் திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். அவள் அதிர்ந்துபோய்ப் பார்த்தாள். இத்தனை நாளாக, தான் கழற்றினோமா இல்லையா என்று அவளே தன்னைச் சந்தேகப்படத் தொடங்கியிருந்தாள் போல. அது அந்த முகத்தில் இருந்தது. நான் அதை எதிர்பார்க்கவில்லை. 

கதவைச் சாத்தினாள். கடைக் கதவைச் சாத்தியது போலவே மெதுவாக.

கடைக்குத் திரும்பினால் தையல் மெஷின் சத்தம் இல்லை. மேஜையில் கத்தி மட்டும் இருந்தது. அக்கா முதுகைக் காட்டி உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். இரவு வீட்டில் தட்டை மட்டும் என் முன்னால் வைத்தாள்.

சனிக்கிழமை காலை, அதாவது இன்று, பத்து மணிக்கு அக்காவின் போனில் ஒரு படம் வந்தது. எனக்கில்லை, அக்காவுக்கு. அக்கா போனைக் கொண்டுவந்து என் கீபோர்டின் மேல் வைத்தாள்.

என் கதையின் இரண்டு பக்கங்கள். பென்சிலால் திருத்தம். என் நல்ல வாக்கியத்தில் 'மூன்று' அடிக்கப்பட்டு மேலே 2.5. 'நான்கு' மேல் சின்னதாகச் சரி. 'மெல்லிய தையல்' முழுவதும் அடிக்கப்பட்டு, ஓரத்தில்: தையல் கூடாது, ஒட்டு மட்டும், தையல் போட்டுத்தான் முன்ன ஒரு விரல் போச்சு.

இன்னொன்று முதல் பக்கம். மறதிக்காரி என்ற வரியின் மேல் ஒரே ஒரு கோடு, ஸ்கேல் வைத்துப் போட்டது போல. பக்கத்தில்: அஞ்சு பத்துக்குக் கழட்டினேன். இடது ஷூவுக்குள்ள வச்சேன்.

வேறு எதுவும் எழுதியிருக்கவில்லை.

"படிச்சியா?" என்றாள் அக்கா.

"படிச்சேன்."

"உன்னை நல்லா அடிச்சுக்கிட்டிருக்க கதையில. சரி, வாங்கிக்க வேண்டியதுதான். ஆனா என்னை நல்லவளா எழுதி வச்சிருக்க." அவள் குரல் உடைந்தது, நான் அதை அதுவரை கேட்டதில்லை. "ஒம்பது வருஷம்டா. அரை மில்லின்னு அவ சொன்னா, நான் அளந்துகூடப் பாக்காம தோலை வெட்டியிருக்கேன். டப்பாவைக் கழட்டினேன்னு சொன்னப்ப நம்பல. உன்னைக் கேட்டேன். உன்னை! அதையும் எழுது."

எழுதிவிட்டேன் அக்கா.

11.

அக்கா டிரைவரின் பழைய ஷூவையும், வெட்டாத மெத்தையையும் பையில் போட்டுக்கொண்டாள். ஆணியிலிருந்த அளவு நாடாவை எடுத்தாள், சுருட்டினாள், மறுபடி ஆணியிலேயே மாட்டினாள். பதினோரு வருடத்தில் முதல் தடவையாகப் பட்டப்பகலில் கடையை விட்டுவிட்டு டேப்புவின் வீட்டுக்குக் கிளம்பினாள்.

"எதையும் தொடாத," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தொடவில்லை. என் பழைய மடிக்கணினியில், எந்த வயரும் இல்லாமல், கவுண்டருக்கு வெளியே வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். புது டப்பா இடது ஷூவுக்குள் இருக்கிறது. அதில் இப்போதைக்கு ஒரே ஒரு காலின் குறிப்பு, மூன்றே வரி.

மணி பதினொன்றரை. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் வெயில். படியில் நிழல் விழுகிறது. அக்காதான், நடையைப் பார்த்தால் தெரிகிறது. அவளுக்குப் பின்னால் இன்னொரு நிழலும் இருக்கிறதா, அல்லது அது பையின் நிழலா —

நான் சொல்லமாட்டேன். இரண்டரையை மூன்று என்று எழுதியவன் நான்; ஒன்றை இரண்டு என்று எழுத எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்? கதவு திறக்கிறது. நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.